இரண்டு ஊர் அஸர்

ஷமீரா ஓர் இடத்தில் உட்கார்ந்து வேலை செய்வதை இப்போதெல்லாம் அவள் வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. லேப்டாப்பை இடது கையில் ஏந்திக்கொண்டு, வலது கையால் தட்டிக்கொண்டே, கூடத்திலிருந்து அடுப்படிக்கும் அடுப்படியிலிருந்து கொல்லைக்கும் நடப்பாள். மீட்டிங் வந்தால் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய், காயும் துணிகளுக்கு நடுவில் குனிந்து நிமிர்ந்து நடப்பாள்.

"அந்தக் கம்பெனிக்காரன் உனக்குச் சம்பளம் குடுக்கறது வேலைக்கா, நடைக்கா?" என்று அவள் புருஷன் ஃபாஜில் கேட்பான்.

"என் வீட்டுல நான் நடக்கறேன். உங்களுக்கு என்னங்க?"

வீடு அவளுடையதுதான். அதிராம்பட்டினத்தில் கல்யாணத்துக்குப் பிறகு பெண் எங்கும் போவதில்லை; மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர்கிறான். பட்டுக்கோட்டை சாலையில் பெயிண்டுக் கடை வைத்திருக்கும் ஃபாஜிலும் அப்படி வந்தவன்தான். சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடுவான்.

அவள் தஞ்சாவூரில் விடுதியில் தங்கி எம்.சி.ஏ. படித்தவள். சென்னையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தாள். கல்யாணமானதும் அதே வேலையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இணையப் பக்கங்களில் கண்ணுக்குத் தெரிகிற, விரலுக்குத் தட்டுப்படுகிற பாகம் அவளுடைய துறை. அதை உம்மாவுக்கு விளக்க ஒருமுறை முயன்றாள். அன்றிலிருந்து யார் கேட்டாலும் உம்மா, "எங்க புள்ள பட்டன் செய்யுது" என்று சொல்லிவிடுவாள். கேட்டவர்களும் ஏதோ தையல் வேலை என்று நினைத்துக்கொண்டு, ரவிக்கைக்குக் கொக்கி வைத்துத் தருவாளா என்று விசாரிப்பார்கள்.

சின்ன வயதிலிருந்தே துறுதுறுப்புத்தான். ஆனால் இந்த நடை வேறு. அது அவள் அண்ணன், அப்சர் காக்கா, இறந்துபோன பிறகு வந்தது.

அப்சர் கோலாலம்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தான். போன வருடம் ஒருநாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. உடம்பை இங்கே கொண்டுவர நாளாகும், அங்கேயே அடக்கிவிடுவது நல்லது என்று இரண்டு பக்கமும் பேசி முடிவு செய்தார்கள். மறுநாள் ளுஹர் எனும் நடுப்பகல் தொழுகைக்குப் பின் நல்லடக்கம் என்று சேதி வந்தது. உம்மா அன்று நிதானமாகக் குளித்து, வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, நடுப்பகல் பாங்குக்காகக் காத்திருந்தாள். பாங்கு சொன்னதும் கூடத்தில் உட்கார்ந்து யாசீன் ஓதினாள். தெருப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஓதினார்கள். துஆ முடித்துக் கையை முகத்தில் தடவிக்கொண்டு, "இப்ப உள்ள வச்சிருப்பாங்க" என்றாள்.

அப்போது ஷமீராவின் போனில் ஒரு படம் வந்து வெகு நேரம் ஆகியிருந்தது. மண் மூடி, தண்ணீர் தெளித்து, ஆட்களெல்லாம் கலைந்துபோன கபுர். அந்த ஊரில் ளுஹர் எப்போதோ முடிந்துவிட்டிருந்தது. உம்மாவும் அந்தப் படத்தைப் பார்த்தாள்.

"என் புள்ளய அனுப்பி வைக்கற நேரத்துல நான் குளிச்சிக்கிட்டு இருந்திருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். அழவில்லை. அதற்குப் பிறகுதான் ஷமீராவால் உட்கார முடியாமல் போயிற்று. நாற்காலியில் முதுகு பட்டால் எங்கேயோ ஏதோ தனக்குத் தெரியாமல் நடந்து முடிந்துகொண்டிருப்பதுபோல் ஒரு பதைப்பு வரும்.

அந்தப் பதைப்பில் ஒரு வேலையைக் கையில் எடுத்தாள். ஊருக்கென்று ஒரு ஆப் ஏற்கெனவே இருந்தது. பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜெக்கரியா கேட்டார் என்று அவள்தான் செய்து கொடுத்திருந்தாள். தொழுகை நேரங்கள், வெளியூர் டாக்டர் வரும் நாட்கள், காணாமல்போன ஆடு, எல்லாவற்றுக்கும் மேலாக, ஊரில் யார் இறந்தாலும் வரும் மவுத்து அறிவிப்புகள். அதிராம்பட்டினத்துக்காரர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். ஷமீரா அதன் நெற்றியில் புதிதாக ஒரு பட்டியலைச் சேர்த்தாள். அதிராம்பட்டினம், சென்னை, கொழும்பு, துபாய், கோலாலம்பூர், லண்டன். எந்த ஊரைத் தொடுகிறோமோ அந்த ஊரின் தொழுகை நேரம் வந்துவிடும். உம்மாவின் போனில் அவளே கோலாலம்பூரைத் தொட்டு வைத்தாள். தன் தொழுகைக்கு உம்மாவுக்குப் பள்ளிவாசல் பாங்கு போதும். மகன் மண்ணுக்குள் இருக்கும் ஊரில் இப்போது என்ன வக்து, எந்தத் தொழுகை வேளை என்று தெரிந்துகொள்ள இது.

அப்படித் தொட்ட ஊரின் பெயரை ஆப்புக்குள் எங்கே வைப்பது என்பதில்தான் அவள் தொழிலின் சங்கதி இருந்தது. ஒரு ஆப் பார்வைக்கு ஒன்று. உள்ளே பல துண்டுகள். மேலே ஒரு துண்டு, நடுவில் நேரங்களைக் காட்டும் துண்டு, கீழே அறிவிப்புத் துண்டு. ஒன்றுக்குத் தெரிந்தது மற்றதற்குத் தெரியாது. எல்லோரும் அறிய வேண்டிய சேதியைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பினால், நடுவில் இருப்பவை தமக்கு ஆகாத மூட்டையைச் சுமக்க வேண்டியிருக்கும். அதனால் பொதுவாக ஓரிடத்தில் வைப்பார்கள். குளோபல் ஸ்டேட் என்பார்கள். அதைக் கட்டி மேய்க்கப் பெரிய பெரிய கருவிகள் உண்டு. கம்பெனியில் அவள் புழங்கியது அப்படி ஒன்று. அதில் ஓர் எழுத்தை மாற்றக்கூட, மனு எழுதி நாலு மேஜை ஏறி இறங்குவதுபோல் சுற்ற வேண்டும். ஊர் ஆப்பிலும் முதலில் அதையே வைத்திருந்தாள். பழைய போன்களில் அது மூச்சு வாங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, மாடியில் நடந்துகொண்டே தானே ஒரு சின்ன ஸ்டோர் எழுதினாள். ஒரு பக்கம்கூட வராது. ஒரு பெட்டி, அதில் சில மதிப்புகள். எந்தத் துண்டுக்கு எது வேண்டுமோ அதை அந்தத் துண்டு முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். அந்த மதிப்பு மாறினால் பெட்டி அந்தத் துண்டை மட்டும் தட்டி எழுப்பும். மற்றவை தூங்கலாம்.

ஃபாஜிலுக்கு மாடித் தொட்டியைக் காட்டி விளக்கினாள்.

"ஒரு தொட்டி. எல்லாக் குழாயிலயும் அதே தண்ணி. அடுப்படிக்கு ஒரு குடம், குளிக்க ஒரு குடம்னு தூக்கிட்டு அலைய வேணாம். அவ்வளவுதாங்க."

"தொட்டியில பல்லி விழுந்தா?"

"மூடி போட்டிருக்கேன்."

"பல்லிக்கு அது தெரியுமா?"

அவன் எப்போதும் அப்படித்தான் கேட்பான். அவளும் எப்போதும்போல் கண்டுகொள்ளவில்லை.

அறிவிப்புகளில் அவள் கை வைத்தது இந்தத் தை மாதத்தில். அதுவரை ஜெக்கரியா கையால் தட்டித்தான் போடுவார். பிற்பகல் தொழுகை என்றால், 'நல்லடக்கம் இன்று அஸர் தொழுகைக்குப் பின்' என்பதோடு நின்றுவிடும். அந்த ஊரில் யாரும் மணி சொல்வதில்லை; தொழுகை வேளைதான் கணக்கு. கல்யாணம் இரவு இஷாவுக்குப் பின், பஞ்சாயத்து அந்தி மக்ரிபுக்குப் பின், கடன்காரனிடம்கூட ளுஹருக்கு வா என்பார்கள். சென்னையிலிருந்து கிளம்பி வருகிறவர்களுக்குத்தான் சங்கடம்.

"அஸர்னா எத்தனை மணி ஜெக்கரியா காக்கான்னு ஒவ்வொருத்தனும் கூப்பிட்டுக் கேக்கறான்மா. எனக்கு ஜெராக்ஸ் எடுக்கக் கை ஒழியல. மணியும் தானா வர்ற மாதிரி பண்ணிடேன்" என்றார்.

அவளுக்கு அது ஊதித் தள்ளுகிற வேலையாக இருந்தது. நேரங்கள்தான் தொட்டியில் இருக்கின்றனவே. அறிவிப்புக்கும் ஒரு குழாய் போட்டுவிட்டாள். ஜெக்கரியா வக்தை மட்டும் தேர்ந்தெடுத்தால் போதும். பக்கத்தில் மணி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அதற்குப் பிறகு வந்த முதல் மவுத்து, அப்துல் மஜீது மாமாவுடையது.

சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம். விடியற்காலை பஜ்ரு பாங்குக்கு முன்பே அவர் உயிர் பிரிந்தது. ஒரு காலத்தில் உப்பு வியாபாரம் செய்தவர். மூன்று தெரு தள்ளி வீடு. அவர் மனைவி பாத்திமா, சின்ன வயதில் உம்மாவோடு குர்ஆன் ஓதப் போனவர். ஒரே மகன் ஜாபிர், அப்சர் இருந்த அதே கோலாலம்பூரில் மளிகை மொத்த வியாபாரம். காலையிலேயே அங்கிருந்து விமானம் ஏறிவிட்டான். வருவானா மாட்டானா என்று தெரியாமல் அறிவிப்புப் போட வேண்டாம் என்று காத்திருந்த ஜெக்கரியா, அவன் ஏறிவிட்டான் என்று தெரிந்ததும் போட்டார். அஸர். திருச்சியில் இறங்கியதும், தன் மலேசிய எண் இங்கே வேலை செய்யாததால், பக்கத்தில் நின்றவரின் போனை வாங்கி ஜாபிர் தாயிடம் பேசினான். அஸருக்கு வந்துவிடுவேன் என்றான். ஊர் நிம்மதி அடைந்தது. கபுர் வெட்டச் சொல்லி ஆள் போயிற்று.

ளுஹர் தொழுதுவிட்டு ஷமீரா கொல்லைப்பக்கம் நடந்துகொண்டிருந்தாள். மவுத்து வீட்டுக்குப் போக உம்மா துப்பட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, போனைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தாள்.

"நீ முன்னாடி போ புள்ள. எனக்கு முட்டி வலிக்குது. கொஞ்சம் படுத்துட்டு வர்றேன். நாலே முக்காலுக்குத்தானே எடுக்கறாங்க."

"மூணே முக்கால் உம்மா."

"நாலே முக்கால்னு போட்டிருக்கு. நீதானே மணி வர்ற மாதிரி செஞ்சே?"

ஷமீரா போனை வாங்கிப் பார்த்தாள். அப்துல் மஜீது மாமாவின் பெயர், அவர் வாப்பாவின் பெயர், மச்சான்மார் பெயர்கள், கீழே 'நல்லடக்கம்: இன்று அஸர் தொழுகைக்குப் பின் (4.45)'. கண்ணை மேலே கொண்டுபோனாள். நெற்றியில் கோலாலம்பூர் என்று இருந்தது.

அவள் நடை நின்றது. வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அறிவிப்பில் இருக்கும் அஸர், அதைப் பார்க்கிறவரின் ஊர் அஸராகிவிட்டது. பார்க்கிறவர் எந்த ஊரைத் தொட்டு வைத்திருக்கிறாரோ அந்த ஊர்க் கடிகாரப்படி மணி. மவுத்தானவர் எந்த ஊரில் கிடக்கிறார் என்று அவள் எழுதியதில் எங்கேயும் இல்லை. இந்தப் பக்கத்தை மலேசியாவிலிருந்து பார்க்கிற ஒவ்வொருவருக்கும் நாலே முக்கால்தான் தெரியும். ஜாபிருக்கும் அதுதான் தெரிந்திருக்கும். வருடம் முழுக்க அஸர் நாலரையை ஒட்டியே வருகிற ஊரில் பாதி ஆயுளைக் கழித்தவன், நாலே முக்கால் என்று படித்தால் அதையே இந்த ஊர் மணியாக எடுத்துக்கொள்வான், ஏன் என்று கேட்கவே மாட்டான்.

அஸருக்கு வந்துவிடுவேன் என்று அவன் சொன்னது உண்மை. சரி என்று ஊர் சொன்னதும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரம்.

ஃபாஜில் அப்போதுதான் சாப்பிட வந்தான். செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் எதிரில் போய் நின்றாள்.

"தொட்டியில பல்லி விழுந்துடுச்சுங்க."

"மேலயா? சரி, மோட்டாரைப் போடாதே. நான் சாப்பிட்டுட்டு ஏறிப் பாக்கறேன்."

"அந்தத் தொட்டி இல்லங்க!"

அவள் இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அவள் போனில் மூணே முக்கால். உம்மா போனில் நாலே முக்கால். ஒரே மவுத்து, ஒரே அறிவிப்பு. ஃபாஜில் இதைப் பார்த்தான், அதைப் பார்த்தான்.

"ஜாபிர் காக்கா எதைப் பாத்திருப்பாங்க?"

"அதைத்தான் சொல்றேன். இப்ப மூணே முக்காலுக்கு எடுக்கப் போறாங்கன்னு தெரிஞ்சா டிரைவரைப் பறக்கச் சொல்லுவாங்க. அவங்களுக்குத்தான் தெரியாதே. ரோடெல்லாம் நெல்லு காயுது, அறுவடை மெஷின் வேற ஊர்ந்துக்கிட்டுப் போகும். மெதுவாத்தான் வருவாங்க. வரும்போது கபுர்ல மண்ணு தள்ளியிருப்பாங்க."

"கூப்பிட்டுப் பாத்தியா?"

கூப்பிட்டிருந்தாள். மலேசிய எண் ஒலிக்கவே இல்லை. போன் கொடுத்து உதவிய மனிதரின் எண்ணை மவுத்து வீட்டிலிருந்து வாங்கி ஃபாஜில் பேசினான். அவர் புதுக்கோட்டைக்காரர், தன் ஊருக்கே போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார். "அவர் டாக்சி புடிச்சுப் போயிட்டாருங்க. எந்த டாக்சின்னு நான் பாக்கலியே" என்றார். நல்ல மனிதர், வருத்தப்பட்டார்.

ஃபாஜில் சாப்பிடாமலே பைக்கை எடுத்துக்கொண்டு போனான். மவுத்து வீட்டு வாசலில் போட்டிருந்த பந்தலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவன் அங்கிருந்து போன் செய்தபோது பின்னால் ஜெக்கரியாவின் குரல் கேட்டது. ஷமீரா போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"ஷமீரா, என் போன்ல சரியாத்தானேம்மா இருக்கு. மூணே முக்கால்."

"உங்க போன்ல சரியாத்தான் இருக்கும் காக்கா. நீங்க இங்க இருக்கீங்க."

"நான் அஸர்னுதான் போட்டேன். வேற ஒண்ணும் தொடல."

"நீங்க போட்டதுல தப்பே இல்ல. நான் செஞ்சதுல தப்பு. ஜாபிர் காக்காவுக்கு வேற மணி காட்டியிருக்கும். மக்ரிபுக்கு மாத்தச் சொல்லுங்க காக்கா."

பந்தலில் இருந்த யாரோ பெரியவர் குறுக்கே பேசினார். "அவன் வாயால அஸருக்கு வர்றேன்னு சொல்லிட்டான். போன்ல மணி மாறிச்சு, கம்ப்யூட்டர்ல கோளாறுன்னு மய்யித்தைப் போட்டு வைக்க முடியுமா? சீக்கிரம் அடக்கறதுதான் முறை. குளிப்பாட்டியாச்சு. குழியும் வெட்டியாச்சு."

"தஞ்சாவூர்லேருந்து புது ரோடு. வந்துடுவான்" என்றது இன்னொரு குரல்.

"பெருமாளே வந்தாலும் ஒரத்தநாட்டுல நெல்லு மேலதான் வரணும்" என்று மேசை நாற்காலி வாடகைக்கு விட்டிருந்த வீரமணி சொல்லிவிட்டு, இடம் நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. அதோடு போன் அணைந்தது.

ஷமீரா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு தெருவில் இறங்கினாள். பந்தல் வழியே போகாமல் பின் சந்தில் நுழைந்து, பெண்கள் புழங்கும் கொல்லை வாசல் வழியாக உள்ளே போனாள். பந்தலில் இருப்பவர்கள் தொழ வைப்பார்கள், தூக்கிப் போவார்கள், மண் தள்ளுவார்கள். ஆனால் முகம் பார்த்து முடிந்தது, எடுக்கலாம் என்று சொல்ல வேண்டியது உள்ளே இருப்பவர்கள். அதைச் சொல்லாமல் எந்த வீட்டிலும் மய்யித்தைத் தூக்கிப் போகும் சந்தூக்கு வாசல் தாண்டியதில்லை.

கூடத்தில் கஃபன் துணி சுற்றிக் கிடத்தியிருந்தார்கள். முகம் மட்டும் திறந்திருந்தது. ஊதுபத்தியும் ஓதும் முனகலும். தலைமாட்டில் பாத்திமா மாமி சுவரில் சாய்ந்திருந்தார். ஷமீரா அவரருகே குந்தினாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கம்பெனியில் இதை விளக்க அம்புக்குறி போட்டுப் படம் வரைவாள்.

"மாமி, ஜாபிர் காக்கா உங்ககிட்ட என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லுங்க."

"என்னத்தம்மா சொன்னான். இறங்கிட்டேன்னான். அஸருக்கு வந்துடுவேன்னான்."

"வேற?"

மாமி கொஞ்ச நேரம் மகனின் குரலை ஞாபகத்தில் தேடினார். "'பிளேன் கிளம்பறதுக்குள்ளயே ஆப்புல பாத்துட்டேன் உம்மா, நெறய நேரம் இருக்கு, பதறாதீங்க'ன்னான். வாப்பா கிடக்கறப்ப நெறய நேரம் இருக்குன்னு சொல்றானேன்னு எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு."

"அவங்க பாத்தது இந்த ஊரு அஸர் இல்ல மாமி. மலேசியா அஸர். இங்க அஸர் மூணே முக்கால், அங்க அந்த ஊரு மணிக்கு நாலே முக்கால். அவங்க போன்ல அங்க உள்ளதுதான் வந்திருக்கும். அது தெரியாம வந்துக்கிட்டு இருக்காங்க."

பக்கத்தில் ஓதிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, "இது என்ன புள்ள கூத்து? அஸர்னா அஸர்தானே?" என்றாள்.

"அதெப்படி அங்க உள்ளது இவன் போன்ல வரும்? ஆளுதான் இங்க வந்துட்டானே?" என்றாள் இன்னொருத்தி.

"ஆள் வந்துட்டாங்க. போன்ல அவங்க இன்னும் மலேசியாவுலதான் இருக்காங்க."

சொன்ன பிறகு அது எவ்வளவு அபத்தமாக ஒலிக்கிறது என்று ஷமீராவுக்கே பட்டது. ஆனால் பாத்திமா மாமி நேராக உட்கார்ந்துவிட்டார்.

"அவன் எப்பவும் அப்படித்தாம்மா. லீவுல வந்து இந்தக் கூடத்துல உக்காந்திருப்பான். ஒரு மணிக்குச் சோறு வச்சா, 'அங்க மூணரை ஆயிடுச்சு உம்மா, பசி செத்துப்போச்சு'ன்னுவான். அவன் கையில கட்டியிருக்கறது ஒருநாளும் இந்த ஊரு மணி காட்டி நான் பாத்ததில்ல." தலைமாட்டில் இருந்த துணியின் ஓரத்தை எடுத்துச் சரி செய்தார். "உங்க மாமாதான் திட்டுவாங்க. வந்த ஊருக்குக் கடிகாரத்தை மாத்துடான்னு."

வெளியே சந்தூக்கைப் பந்தலுக்குள் கொண்டுவந்து இறக்குகிற சத்தம் கேட்டது. கூடத்தின் நடுக்கதவில் ஓர் இளைஞன் தலையை நீட்டாமல் குரலை மட்டும் அனுப்பினான். "முகம் பாத்தாச்சான்னு கேக்கறாங்க."

பெண்கள் எல்லோரும் மாமியைப் பார்த்தார்கள். ஷமீரா தரையைப் பார்த்தாள். தன் கணக்கு தவறாக இருந்தால் என்ன ஆகும் என்று அப்போதுதான் யோசித்தாள். இன்னும் சற்று நேரத்தில் ஜாபிர் வந்து நின்றால், ஒரு மய்யித்தைக் காரணமில்லாமல் காக்க வைத்த பேச்சு அவள் காலம் முழுக்கத் தெருவில் கூடவே வரும்.

"பாக்க வேண்டியவன் பாக்கல" என்றார் பாத்திமா மாமி, நடுக்கதவுக்குக் கேட்கும்படி. "மக்ரிபுக்கு எடுக்கட்டும்னு சொல்லு."

"மாமி, குழி வெட்டி..."

"குழி எங்கயும் போயிடாது. சொல்லு போ."

பந்தலில் சலசலப்பு எழுந்து, நெடுநேரம் அடங்காமல் இருந்தது. பிறகு சந்தூக்கைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். ஷமீராவின் போன் அடித்தது. ஜெக்கரியா.

"மக்ரிப்னு மாத்திடறேன்மா."

"ஐயோ, தேர்ந்தெடுக்காதீங்க காக்கா! அதைத் தொட்டா அதுக்கும் ஊருக்கு ஒரு மணி வந்துடும். பழைய மாதிரி கையால தட்டுங்க. அதிராம்பட்டினம் மக்ரிப், ஆறரைன்னு எழுத்துலயே போடுங்க."

"நல்லா செஞ்சே போ" என்றார் ஜெக்கரியா. கோபமா கேலியா என்று புரியவில்லை.

காத்திருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. துக்க வீட்டில் நடக்க முடியாது. ஷமீரா கொல்லைக்கும் கூடத்துக்கும் தண்ணீர்க் குடத்தைச் சாக்காக வைத்து நாலைந்து தடவை போய்வந்தாள். குடம் நிறைந்து வழிந்தது. அஸர் பாங்கு சொன்னது. ஆண்கள் எழுந்து பள்ளிவாசலுக்குப் போனார்கள். பந்தலில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. ஜாபிர் வரவில்லை. பெண்கள் அடுத்த அறையில் தொழுதார்கள். சலாம் கொடுத்துத் திரும்பியபோது உம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, மகளைத் தேடிக் கண்டுபிடித்து, ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆண்கள் திரும்பி வந்தார்கள். அப்போதும் வரவில்லை. நடுக்கதவுக்கு அந்தப் பக்கம், "இந்நேரம் அடக்கி முடிச்சிருக்கலாம்" என்று யாரோ மெதுவாகச் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

கார் நிற்கும் ஓசை கேட்டபோது நாலரை தாண்டியிருந்தது. டயரெல்லாம் வைக்கோல் சுற்றியிருந்ததாக ஃபாஜில் பிற்பாடு சொன்னான். ஜாபிர் இறங்கியது அவசரமில்லாத மனிதனைப்போல. பந்தலில் இத்தனை பேர் தொப்பியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "இன்னும் பள்ளிவாசலுக்குக் கிளம்பலியா? அஸருக்கு நேரம் ஆகுதே" என்றான்.

ஃபாஜில்தான் எழுந்துபோய் அவன் கையைப் பிடித்து, "அஸர் முடிஞ்சுடுச்சு காக்கா. மக்ரிபுக்கு எடுக்கறோம். உள்ள போங்க" என்றான்.

"முடிஞ்சுடுச்சா?"

அவன் தன் மணிக்கட்டைப் பார்த்தான், பிறகு போனைப் பார்த்தான், பிறகு பந்தலில் இருந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். புரிந்ததும் செருப்பைக் கழற்றாமலே உள்ளே ஓடினான். பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஷமீரா அடுப்படி நிலையோரம் நின்றாள். வாப்பாவின் தலைமாட்டில் அவன் மண்டியிட்டபோது அவன் தலைமுடி ஈரமாக இருப்பது தெரிந்தது.

"நெறய நேரம் இருக்குன்னு தஞ்சாவூர்ல இறங்கிக் குளிச்சேன் உம்மா" என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். "வாப்பாகிட்ட அழுக்கோட வரக்கூடாதுன்னு குளிச்சேன். சட்டை மாத்தினேன். டீ குடிச்சேன் உம்மா. உக்காந்து டீ குடிச்சேன்."

"குடிச்சா என்ன. பாரு. இப்பப் பாரு" என்றார் பாத்திமா மாமி.

ஷமீராவின் உம்மா அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். எந்தப் பிள்ளைக்காக என்று பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். ஷமீரா அவள் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மனதுக்குள் ஸ்டோரில் வைத்திருந்த மதிப்புகள் ஒவ்வொன்றாக வரிசை கட்டின. மொழி, எழுத்தின் அளவு, இவை பார்க்கிறவருடையவை, இருக்கட்டும். டாக்டர் வரும் கிழமை? அது டாக்டருடையது. அதற்கும் குழாய் போட்டிருக்கிறோமா? நோன்பு திறக்கும் நேரம்? இன்னும் எத்தனை பேரைத் தெரியாமல் எந்தெந்த ஊரில் உட்கார வைத்திருக்கிறோம்? வீட்டுக்குப் போனதும் முதலில் மவுத்து அறிவிப்பைத் தொட்டியிலிருந்து வெட்டி எடுத்து, அதற்குச் சொந்தமாக ஓர் ஊரைக் கொடுக்க வேண்டும். ஜாபிரிடம் நேரில் சொல்ல வேண்டும். இன்று இல்லை, ஆனால் அவன் திரும்பிப் போவதற்குள். இப்போதே கை பரபரத்தது. ஆனால் உம்மாவின் தோளிலிருந்து கையை எடுக்க முடியவில்லை.

பொழுது சாயும்போது சந்தூக்கு வாசலைத் தாண்டியது. பெண்கள் ஜன்னல்களில் நெருங்கி நின்று பார்த்தார்கள். அந்த ஊரில் சந்தூக்கு பத்தடிக்கு ஒரு தோள் மாறும். பின்னால் வருகிறவர்கள் முன்னே வந்து, முன்னே இருப்பவர்கள் விலகி, தெரு முழுக்க அப்படி மாறி மாறித்தான் போகும். சந்தூக்கின் நாலு கால்களில் மூன்றில் அப்படித்தான் மாறிக்கொண்டிருந்தார்கள். முன்பக்கத்து வலது காலில் ஜாபிர் இருந்தான். ஃபாஜில் அவன் பக்கத்தில் போய்த் தோளை நீட்டினான். ஜாபிர் தலையை அசைத்தான். தெருமுனையில் ஜெக்கரியா போய் நீட்டினார். அவருக்கும் அதே தலையசைப்பு. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. வளைவில் அவன் கால் சற்றுத் தடுமாறியபோது, பின்னால் வந்தவர்கள் எல்லோரும் தங்கள் நடையை அவனுடைய நடைக்கு இறக்கிக்கொண்டார்கள்.